ஒடுக்கு விழுந்த இரும்புத் தொப்பி

— கைய விடும்யா! பெட்டி புடி பிஞ்சிரப் போவுது.

— பெட்டி கெடக்கட்டும். நீ உள்ள வா மொதல்ல. சைரன் அடிச்சாச்சு.

— எங்க அடிச்சுது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

— ஒனக்கு எங்க கேக்கும்? கிட்ட நின்னு பேசினாத்தான் ஒனக்கு விளங்கும். காது மிஷின எங்க?

— பைக்குள்ள, அடியில கெடக்கு. ரயில்ல தூங்கிட்டுப் போறவளுக்குக் காது எதுக்கு? விடும். டாக்ஸி அங்கன நிக்கி பாரும். தாதர்ல வண்டியப் புடிக்கணும் நான்.

— டாக்ஸியும் நகராது, பஸ்ஸும் நகராது. ட்ரில்லுன்னா ட்ரில். ரூல் ரூல்தான் லூர்து. சைரன் ஏத்தி எறக்கி அடிச்சா எல்லாரும் உள்ள. ஒரே சீரா நீளமா அடிச்சா ஆல் கிளியர். அதுவரைக்கும் வாசலத் தாண்டக் கூடாது.

— எனக்கே வகுப்பு எடுக்கீராக்கும்! கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதக் கேட்டுட்டுத்தான சோறு பொங்குதேன். ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி. இன்னாசிமுத்து பொண்டாட்டி பொழப்பே அதுதான்.

— கத்தாத.

— நான் கத்துதேனா? எனக்கே கேக்கல.

— இங்கன உக்காரு. தெருச்சனம் பூராவும் பள்ளிக்கூடத்து ஹால்ல கெடக்கு. இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அதுக்குள்ள நீ போக முடியாது. அதான் நம்ம சிவில் டிஃபென்ஸ் போஸ்ட் ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். இந்த ஸ்ட்ரெச்சர்ல உக்காரு.

— செத்தவனத் தூக்குறதுலயா?

— இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் இதுல சாகல. கூட டூட்டி பாக்குற மாரிக்கண்ணன் மத்தியானம் படுத்துத் தூங்குவான், அம்புட்டுத்தான்.

— மாதாவே, என்ன நாத்தம்! மணல் வாளியெல்லாம் பீடித் துண்டு. இத வச்சுத்தான் நீங்க குண்டு விழுந்தா தீ அணைப்பீங்களோ?

— சுத்தம் பண்ணணும். ஆள் இல்ல.

— மேல ஷெல்ஃபுல அந்தத் தொப்பிக்குள்ள என்னது, குச்சியும் குப்பையுமா?

— புறா. முட்டை போட்டிருக்கு. தொட்டுறாத.

— நல்லது. புறாவுக்காவது ஒரு தொப்பி கெடச்சுதே.

— இந்தா தண்ணி. குடி.

— நீரு ஏன் நிக்கீரு? உக்காரும்.

— வார்டன் உக்காரக் கூடாது.

— யாரு பாக்கா இங்க? புறாவா? உக்காரும்யா, ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கீரு. கழுத்து வலிக்கு, அதான?

— வலிக்கல.

— பொய்யி. வலது கை விரல நீட்டி மடக்கும் பாப்போம்.

— லூர்து, டூட்டில இருக்கேன்.

— டூட்டி! கழுத்து நரம்பு நசுங்குது, தலையில பாரம் ஏத்தினா கை விளங்காமப் போயிரும்னு டாக்டரு படம் போட்டுக் காட்டினாரா இல்லையா? அன்னைக்கு என்ன செஞ்சீரு? தொப்பிய இங்கன ஒப்படைச்சிட்டு வந்து, என் கையப் புடிச்சிக்கிட்டு, ‘போதும் லூர்து, இனிமே வீட்டுலதான்’னு சொன்னீரு. நான் நம்பி மாதா கோயிலுக்கு மெழுகுத்திரி எல்லாம் வாங்கிட்டுப் போனேன். டிவில எல்லையில சண்டன்னு ஒரு வார்த்த வந்துச்சு. செருப்புக்கூடப் போடல. ஓடி வந்து திரும்ப வாங்கி மாட்டிக்கிட்டீரு.

— ஆளு வேணும்னு கூப்பிட்டாங்க.

— வேற ஆளா இல்ல இந்தத் தாராவியில?

— இல்லட்டி. பழைய வார்டன்கள்ல பாதிப் பேரு செத்துப் போயிட்டான், மீதிப் பேரு மகன் வீடு, மக வீடுன்னு கெளம்பிட்டான். இளவட்டங்க வருதுங்க, தொப்பியப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருதுங்க.

— அப்பம் நானும் மக வீட்டுக்குக் கெளம்பினா என்ன தப்பு? ஆனி கோயமுத்தூர்ல தனி ரூம் ஒதுக்கி வச்சிருக்கா எனக்கு.

— தப்புன்னு நான் சொன்னேனா? பெட்டியத் தூக்கிட்டு டாக்ஸி வரைக்கும் வரல?

— தொப்பியோட வந்தீரு. வழியனுப்ப வாரவன் யாராவது இரும்புத் தொப்பி போட்டுட்டு வருவானா?

— நாலு மணிக்கு ட்ரில்லு.

— எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னால கெளம்பிரலாம்னு பாத்தேன். நீருதான் பெட்டிக்குக் கயிறு கட்டுதேன், கயிறு கட்டுதேன்னு ஒரு மணி நேரம் கட்டினீரு.

— பூட்டு சரியில்ல அதுல.

— ம். பூட்டு சரியில்ல.

— ஜன்னல் பக்கம் போகாத. கண்ணாடி.

— அடப் போரும்யா. வானத்துல இருந்து ட்ரோனோ என்னமோ வருதாம். அதுக்கு இந்தக் கண்ணாடிக்குப் பயப்படணுமா? இந்தச் சட்டியக் கவுத்தினா அது திரும்பிப் போயிருமா? ஒம்மகூட வார்டனா இருக்காளே ஷமீமா, அவளுக்குக் குடுத்திருக்காங்கல்லா, பிளாஸ்டிக் மாரி லேசா ஒண்ணு. அதையாவது வையுமே.

— அது என் தலையில நிக்காது. இது அப்பா எழுபத்தொண்ணு சண்டையில வச்சது. என் தலைக்கே அளவெடுத்தாப்ல இருக்கும்.

— அந்த ஒடுக்கையும் சேத்தா?

— அத விடு.

— ஷமீமாகிட்ட என்ன கத விட்டு வச்சிருக்கீரு அந்த ஒடுக்கப் பத்தி? கலவரத்துல கல்லு வந்து விழுந்துச்சாம், இன்னாசி அண்ணாச்சி அசையாம நின்னாராம். போன வாரம் எங்கிட்டயே சொல்லுதா, கண்ணுல தண்ணியோட!

— நான் சொல்லல. அவளா நெனச்சுக்கிட்டா.

— நெனச்சா திருத்தணும்லா? அந்தப் பெருவெள்ளத்துல ஊரையெல்லாம் தூக்கிக் கரை சேத்துட்டு மூணாம் நாளு வீட்டுக்கு வந்து, கழட்டித் தரையில வச்சிட்டு, ‘டீ இருக்கா’ன்னு கேட்டீரு. வீட்டுக்குள்ள இடுப்பளவு சகதி. எனக்கு வந்துச்சு பாரும் ஒரு ஆத்திரம்! அம்மிக் குழவியத் தூக்கி ஒரே போடு. கல்லாம் கல்லு!

— நல்லவேளை தலையில இல்ல.

— தலையில எப்படி இருக்கும்? ஆல் கிளியர் ஆயிருச்சுன்னாத்தான் ஒமக்கு அது எறங்கும். ஆகலன்னா கழுத்தோட ஒட்டிக்கிடும். ஆனி கலியாணத்தன்னைக்கு பக்கத்துச் சந்துல சிலிண்டரு வெடிச்சு, ‘இன்னும் தீ முழுசா அணையல, ஆல் கிளியர் வரல’ன்னு தொப்பியோட கோயிலுக்குள்ள வந்து நின்னீரே! சாமியாரு பூசை வைக்க முடியாமச் சிரிச்சாரு.

— போட்டோல கழட்டிட்டேன்லா.

— போட்டோல இருக்கு. இடது ஓரத்துல பளபளன்னு இருக்கு. நீரு மட்டுமா? ஷமீமா பாவம், போன ட்ரில்ல தலையரிக்குன்னு ஒரு நிமிசம் கழட்டினா. ஊருக்கு முன்னால வச்சு அந்த ஏச்சு ஏசினீரு. அன்னையில இருந்து அவளும் பேன் புடுங்கினாக்கூட ஆல் கிளியர் அடிக்காமக் கழட்ட மாட்டேங்கா.

— ரூல் ரூல்தான்.

— ஒம்ம ரூல வச்சு ஒரு வேளை சோறு வடிக்க முடியுமா? மணி என்னய்யா?

— நேரம் இருக்கு.

— ‘நேரம் இருக்கு, நேரம் இருக்கு’ன்னுதான் எல்லாம் போச்சு. இங்க பாரும், நான் கோவத்துல போகல. கோவம்லாம் எப்பமோ தீந்துபோச்சு. அலுத்துப் போச்சு, அவ்வளவுதான். காலம்பற கதவத் திறக்கும்போதே, இன்னைக்கு எந்தத் தெருவுல என்ன ஆகுமோ, இந்த மனுசன் எப்பம் வருமோன்னு... அலுப்பா இருக்கு.

— ம்.

— அங்க போயி ஆனி பிள்ளைக்குத் தலை சீவி விட்டுட்டு, டிவி பாத்துட்டு, யாரு வந்தா யாரு போனான்னு தெரியாமத் தூங்கணும். ஒமக்கு ஊறுகா போட்டு வச்சிருக்கேன். அரிசி டின்னுல இருக்கு. எறும்பு வராம... ஏன் திடீர்னு அண்ணாந்து பாக்கீரு?

— ஒண்ணுமில்ல.

— என்ன, வெளிய ஏதும் சத்தமா?

— இல்ல.

— மூஞ்சி மாறிப் போச்சே. சைரனா? ஆல் கிளியர் அடிக்கானா?

— இல்ல லூர்து. நாயி. நாயி குரைக்கி.

— நாயா?

— ஆமா. சாக்கடைப் பக்கம். நீ சொல்லு, எறும்பு வராம...

— அண்ணாச்சி! அண்ணாச்சி, இங்கதான் இருக்கீங்களா? அரே, ஊரு பூரா தேடிட்டு வாரேன்!

— மெதுவா, ஷமீமா, மெதுவா.

— இந்தாங்க, வடாபாவ். பை கேட்டா இல்லைங்கான், பேப்பர் கேட்டா இல்லைங்கான். அதான் இதுலயே போட்டுக் கொண்டாந்துட்டேன். ஏசாதீங்க, உள்ள நல்லாத் தொடச்சிட்டுத்தான் போட்டேன்.

— தொப்பி என்ன சட்டியா ஷமீமா? எத்தன தடவ சொல்லுதேன், அதுல சாமான் போடக் கூடாதுன்னு!

— சல்தா ஹை, பரவால்ல அண்ணாச்சி. பசி உசிரு போவுது. மைனி, ஒங்களுக்கும் இருக்கு! மைனிக்கு வண்டிக்கு நேரமாகலையா? அடிச்சு முடிச்சாச்சே, டாக்ஸிக்காரன் அங்க நின்னு...

— ஷ்ஷ்! கதவுகிட்ட வா. வாய மூடு.

— என்னாச்சு?

— அவளுக்குக் கேக்கல.

— என்ன கேக்கல?

— ஆல் கிளியர். அவ காதுல மிஷின் இல்ல.

— அப்ப சொல்லுங்க அண்ணாச்சி!

— சொல்லுதேன். கொஞ்சம் கழிச்சுச் சொல்லுதேன்.

— எவ்வளவு கழிச்சு?

— தாதர்ல வண்டி கெளம்பட்டும்.

— அல்லாவே! வண்டி போற வரைக்குமா? அண்ணாச்சி, இது பாவம். ஒரு பொம்பளய ஏமாத்தி ரூம்ல ஒக்கார வச்சிருக்கீங்க.

— எனக்கு வேற வழி தெரியல ஷமீமா. ‘போகாத’ன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்கு? சொன்னா, ஏன்னு கேப்பா.

— ஏ ஷமீமா! அங்கன நின்னு என்ன முனங்குதிய ரெண்டு பேரும்?

— ஒண்ணுமில்ல மைனி! அண்ணாச்சி... அண்ணாச்சி ஏசுதாரு. தொப்பிக்குள்ள வட போட்டதுக்கு!

— என்ன சொல்லுதா?

— ஏசுதேன்னு சொல்லுதா!

— அவர் ஏசாட்டித்தான் அதிசயம். டாக்ஸி நிக்கிதாட்டி?

— நிக்குது மைனி! நான் பாத்துக்கிடுதேன்! அண்ணாச்சி, நான் போறேன். எனக்கு மனசு சரியில்ல. அந்தாளு ஹாரன் அடிச்சே செத்துருவான்.

— நிப்பாட்டி வை. ஷமீமா, புண்ணியமாப் போவும்.

— என்ன சொல்லிட்டுப் போறா?

— இன்னும் ஆகலையாம்.

— ஆகலையா?

— ஆகல. வழக்கத்த விட நேரமாகும்னு சொல்லுதா. மேல இருந்து ஆர்டர் வரணுமாம்.

— ஓ. சரி. வடாபாவத் தாரும்.

— இந்தா.

— சூடா இருக்கே.

— மே மாசம். எல்லாம் சூடாத்தான் இருக்கும்.

— அது சரி. ஒமக்கு வேண்டாமா?

— பசிக்கல.

— வாயத் திறக்கக் கஷ்டமா இருக்கும், அந்த வாரு நாடியில அறுக்குதுல்லா. வேர்த்து ஊத்துது ஒமக்கு. இந்த வேக்காட்டுல இரும்பத் தலையில வச்சுக்கிட்டு... கொஞ்சம் கழட்டி வச்சிட்டுத் திங்க வேண்டியதுதான?

— கழட்டக் கூடாது லூர்து.

— ஆமால்லா. ஆகலைல்லா.

— ஆகல.

— கழுத்தத் திருப்ப முடியுதா?

— முடியுது.

— தண்ணி வாளியில நனைச்சு இந்தத் துணியப் பிழிஞ்சு தாரேன், பின் கழுத்துல போடும்.

— நீ உக்காரு, நானே...

— உக்காரும்யா! இப்படித் திரும்பும். ஏ யப்பா, கல்லு மாரி இருக்கு நரம்பு. எதுக்கு இப்படி வருத்திக்கிடுதீரு? நெசமாச் சொல்லும். மெடல் குடுத்தானா? பேப்பர்ல போட்டானா? எதுக்குய்யா?

— தெரியலட்டி.

— தெரியாம ஒருத்தன் இத்தன வருசம் சுமப்பானா?

— சொன்னா சிரிப்ப.

— சிரிக்க எனக்குத் தெம்பு இல்ல. சொல்லும். சத்தமாச் சொல்லும்.

— பயம்.

— என்னது?

— பயம்னு சொல்லுதேன்! எனக்கு எப்பமும் பயம்தான் லூர்து. சின்னப் பிள்ளையில இருந்தே. பட்டாசுக்குக் காதப் பொத்துவேன். வீட்டுல உக்காந்துக்கிட்டு வெளிய சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிரலாம் போல இருக்கும். இதத் தலையில வச்சுக்கிட்டு நாலு பேர ‘அங்க போ, இங்க நில்லு’ன்னு வெரட்டினா அது தெரியாது. டிவில சண்டைன்னான். நீ உள்ள வெங்காயம் நறுக்கிட்டு இருந்த. நான் கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன். நீ பாத்துரக் கூடாதேன்னுதான் ஓடி வந்தேன்.

— அடப் பாவி மனுசா.

— அதான் சொன்னேன், சிரிப்பன்னு.

— சிரிக்கலையே. நான் சிரிக்கல.

— அண்ணாச்சி! சாரி, சாரி. மறுபடியும் நான்தான். கதவுகிட்ட வாங்க.

— இப்பம் என்ன ஷமீமா?

— ஆபீசர் சாப் வந்திருக்காரு. தொப்பியெல்லாம் எண்ணி வாங்கிட்டு ரூமப் பூட்டச் சொல்லுதாரு. எல்லாரும் குடுத்தாச்சு. ஒங்க தலையில உள்ளது மட்டும் பாக்கி.

— இப்பக் கழட்ட முடியாது.

— ஏன்?

— கழட்டினா அவளுக்குத் தெரிஞ்சு போவும்லா!

— அண்ணாச்சி, ஒங்க முகம் வெளிறிப் போயிருக்கு. நீங்க விழுந்துருவீங்க. சத்தியமாச் சொல்லுதேன், நானே மைனிகிட்டச் சொல்லிருவேன்.

— ஷமீமா. ஒன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இன்னும் ஒரு பத்து நிமிசம்.

— என்னவாம்? தொப்பியக் கேக்காளா?

— ஆமா... இல்ல... சும்மா கணக்குப் பாக்காங்களாம்.

— கேட்டா குடுத்துர வேண்டியதுதான?

— ஆல் கிளியர் ஆகல லூர்து!

— ஆமால்லா. மறந்து மறந்து போவுது எனக்கு. ஏ ஷமீமா! சாப்கிட்டப் போயிச் சொல்லு, அண்ணாச்சிக்கு இன்னும் ஆகலன்னு!

— சரி மைனி! யா அல்லா, நீங்க ரெண்டு பேரும்... நான் போறேன்பா.

— நல்ல பிள்ள. அவள ஏசாதீரும் இனி. அவங்க வீட்டுக்குத்தான அன்னைக்குப் போனீரு?

— என்னைக்கு?

— தொண்ணூத்தி மூணுல. ஜனவரி கலவரத்துல. ஷமீமாவும் அவ தம்பிங்களும் அந்தச் சால் வீடுகள்ல மாட்டிக்கிட்டாங்கன்னு தொப்பியப் போட்டுட்டுப் போனீரே.

— ஆமா. பள்ளிக்கூடத்துல கொண்டு சேத்தோம் எல்லாரையும்.

— அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஷமீமா இன்னைக்கு உசிரோட வடாபாவ் தின்னுட்டு அலையுதா. சந்தோசம்தான். ஆனா நீரு இப்பம் பயம்னு சொன்னீரு பாரும், அத அன்னைக்குச் சொல்லிருக்கலாம்.

— சொல்லி?

— எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுன்னு நானும் சொல்லிருப்பேன். நீரு தொப்பியப் போட்டு மூடிக்கிட்டீரு. நானும் பிள்ளையும் எதப் போட்டு மூடுறது?

— என்ன நடந்துச்சு?

— என்ன நடக்கும்? தகர ஷீட்டு மேல சோடாப் பாட்டிலு வந்து விழுது. யாரு எறியுதான்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொண்ணும் இடி விழுந்தாப்ல. அப்பம் எனக்குக் காது நல்லாக் கேக்கும்லா, பிளாஸ்டிக் அரைக்கிற மிஷின் வேலைக்கு இன்னும் போகல. ஆனிக்கு மூணு வயசு. ‘எனக்கும் அப்பா தொப்பி வேணும், எனக்கும் அப்பா தொப்பி வேணும்’னு ஒரே அழுகை. வீட்டுல என்ன இருக்கு? அப்பத்தான் சோறு வடிச்சு எறக்கி வச்சிருந்தேன். அப்படியே தரையில கொட்டினேன். சட்டிக்குள்ள சூடு படாம என் சேலையச் சுருட்டி வச்சு, அவ தலையில கவுத்தி, நான் அவ மேல கவுந்து உக்காந்தேன்.

— லூர்து...

— இருமேன், சொல்லி முடிக்கேன். அவளுக்கு ஒரே குஷி. ‘அம்மா, நானும் வார்டனு’ங்கா. சட்டிக்குள்ள இருந்து பேசுதா, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாரி. அப்பத்தான் ஷீட்டப் பொத்துக்கிட்டு ஒண்ணு உள்ள வந்துச்சு.

— எங்க விழுந்துச்சு?

— எங்க விழும்? சட்டி மேல.

— இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— நீரு விடியக்காலம் வந்தீரு. வாசல்லயே நின்னு, ‘எல்லாரும் பத்திரம் லூர்து, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல’ன்னீரு. தொப்பியக் கழட்டி வச்சிட்டுப் படுத்துட்டீரு. அந்த எல்லாருல நாங்களும் உண்டான்னு கேக்க வந்தேன். கொறட்டை விட்டுட்டீரு.

— பிள்ள தலையில அடி கிடி...

— ஒண்ணுமில்ல. சட்டிதான் வாங்கிக்கிட்டு.

— எந்தச் சட்டி?

— எந்தச் சட்டியா? நீரு தெனம் ஏசுவீரே, ‘அடுப்புல நிக்காம ஆடுது, இந்த ஒடுக்குச் சட்டிய பங்காருக்கு, பழைய இரும்புக்குப் போட்டுத் தொலை’ன்னு. பங்காருக்காரன் வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் நீரு தூக்கிட்டுப் போவீரு, நான் புடுங்கிட்டு வருவேன்.

— அதுவா?

— அதுவேதான். இத்தன வருசமா அதுல வடிச்ச சோத்தத்தான் தின்னுட்டு டூட்டிக்குப் போனீரு.

— இப்பம் எங்க அது?

— இந்தா இந்தப் பையில. ஆனி கேட்டா. ‘அம்மா, என் தொப்பியக் கொண்டா’ன்னு. அவளுக்கு நினைவிருக்கு.

— எடு.

— எதுக்கு?

— எடு லூர்து. பாக்கணும்.

— இந்தாரும். மெதுவா, மூடி உள்ள இருக்கு. என்ன தடவித் தடவிப் பாக்கீரு? தெனம் பாத்ததுதான.

— வெரலு முழுசா உள்ள போவுதுட்டி.

— கனத்த பாட்டிலு.

— பிள்ள தல எம்புட்டுக்காணு இருக்கும் அப்பம்...

— இம்புட்டு. தேங்கா மாரி. அழுறீரா என்ன? அந்த வாருல தண்ணி எறங்குது. வேர்வையா?

— வேர்வதான்.

— சரி.

— லூர்து.

— ம்.

— எந்திரி. பெட்டிய நான் தூக்குதேன்.

— எங்க?

— தாதருக்கு. ஆல் கிளியர் அப்பமே அடிச்சாச்சு. நாயும் இல்ல, ஆர்டரும் இல்ல. ஒனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சு நான்தான் சொல்லாம இருந்துட்டேன். வண்டி போயிட்டா நீ இருந்துருவன்னு நெனச்சேன். தப்பு. டாக்ஸி நிக்கி, வெரசாப் போனா புடிச்சிரலாம். சட்டியப் பைக்குள்ள வை.

— நீரு உக்காரும்.

— நேரமாவுதுட்டி, வண்டி போயிரும்!

— உக்காரும்னு சொல்லுதேன்லா. குனியும் இப்படி. இன்னும் கொஞ்சம். வாரு எங்க முடிச்சு விழுந்து கெடக்கு, பாப்போம்... கழட்டவே இல்லையே, பாவி மனுசா, கழுத்து என்னத்துக்கு ஆவும்? ஷமீமா தொப்பிக்குள்ள வடாபாவப் போட்டுக்கிட்டு வெறுந்தலையோட வந்து நின்னாள்ல, அப்பமே தெரியும் எனக்கு.